நூலகர் கல்வியும் கருத்தரங்கும்

ஏட்டுச் சுவடிகளைத் தொகுத்து வைத்த இடத்தைச் சரசுவதி பண்டாரம் என நம் முன்னோர் வழங்கினர். சிதம்பரக் கோயிற் கல்வெட்டிலும் இப்பெயர் காணப்படுகின்றது. பண்டாரம் என்பது பொருளைச் சேமித்து வைக்கும் அறை. அதனைக் காப்போனின் முதற் கடமை, வைத்த பொருள் குறையாமற் பார்த்தலாகும். மேனாட்டு நிலையும் இதனின் வேறன்று. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை இருப்புச் சங்கிலியாற் பலகையுடன் பிணைத்து வைத்தனர். பூட்டவும் திறக்கவும் அறிந்தவனே நூலகன் எனக் கருதப்பட்ட அக்காலத்தில், அவனுக்கெனத் தனிக் கல்வியொன்று வேண்டுமென எவரும் எண்ணியதில்லை.

இந்நிலை மாறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். 1876 ஆம் ஆண்டில் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியது. மெல்வில் டூயி என்பார் தமது தசமப் பகுப்பினை 44 பக்கங்கொண்ட சிறு நூலாக வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. அவர் 1887 இல் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாக் கல்லூரியில் நூலகருக்கான பள்ளியைத் தொடங்கினார். முதல் வகுப்பிற் சேர்ந்த இருபதின்மருட் பதினெழுவர் பெண்கள். பெண்களைச் சேர்த்தது கல்லூரி ஆட்சியாளருக்கு உவப்பாயிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அப்பள்ளி ஆல்பனி நகருக்குப் பெயர வேண்டியதாயிற்று. எனினும் நூலகத் தொழில் கற்பிக்கத்தக்க ஒரு துறை என்னும் கொள்கை அங்கே வேரூன்றிவிட்டது.

அக்கொள்கை இந்தியாவுக்கு வந்தது அமெரிக்கர் இருவர் வாயிலாக. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்குவாடின் அழைப்பை ஏற்று 1910 இல் வந்த போர்டன், அங்கே பயிற்சி வகுப்பொன்றை அமைத்தார். 1915 இல் இலாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் டிக்கின்சன் மற்றொன்றைத் தொடங்கினார். இருவரும் குறுகிய காலமே தங்கினர். வெளியிலிருந்து கொணர்ந்து நட்ட செடி, நட்டவர் சென்றபின் வாடுதல் இயல்பே. இம்மண்ணில் முளைத்த ஒருவர் இப்பணியை மேற்கொள்ளும் வரை அது உறுதிபெறவில்லை.

அவ்வாறு முளைத்தவர் சீர்காழி இராமாமிருத இரங்கநாதன். 1892 இற் பிறந்த இவர் கணிதப் பேராசிரியராகவே தம் வாழ்வைத் தொடங்கினார். 1924 சனவரியிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பெற்றபோது, அப்பதவிக்குரிய தனிப்பயிற்சி எதனையும் அவர் பெற்றிருக்கவில்லை. மாணாக்கர் சூழ இருந்து பழகிய அவருக்கு நூலகத்தின் தனிமை பொறுக்கவொண்ணாததாயிற்று. சில நாட்களிலேயே தாம் முன்பு பணிபுரிந்த கல்லூரிக்கு மீளவும் முயன்றார். இலண்டன் சென்று பயின்று வந்தபின் முடிவு செய்யலாம் என்று அவரை ஆற்றி அனுப்பினர். இலண்டனிற் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் அவருக்குப் பகுப்பாக்கத்தைக் கற்பித்தவர், குரொய்டன் நகர நூலகரான பெர்விக் சேயர்ஸ். வகுப்பறையிற் கற்றதிலும், பிரித்தானிய நூலகங்கள் பலவற்றுக்கு நேரிற் சென்று அவற்றின் நடைமுறைகளை ஒப்பிட்டு நோக்கியதில் அவர் பெற்றது அதிகம் எனலாம். 1925 இற் சென்னைக்கு மீண்டபோது கணிதத்திற்குத் திரும்பும் எண்ணம் அவரிடம் இருக்கவில்லை.

1928 சனவரியிற் சென்னை நூலகச் சங்கம் நிறுவப்பெற்றது. இரங்கநாதனே அதன் செயலாளர். அவ்வாண்டு திசெம்பரிற் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரிற் கூடிய மாகாணக் கல்வி மாநாட்டில் அவர் தமது ஐந்து விதிகளை முதன்முதல் எடுத்துரைத்தார். நூலகவியலின் அடித்தளமாக உலகெங்கும் போற்றப்படும் விதிகள் ஆசிரியர் கூட்டமொன்றில், சரசுவதி பண்டாரம் இருந்த ஊரின் அயலிலே, அரங்கேறியமை எண்ணி மகிழத்தக்கது. நூல்கள் பயன்படுத்துதற்கே உரியன என்பது அவ்விதிகளுள் முதலாவது; பண்டாரக் கொள்கையை இது தலைகீழாக்கியது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர்ப்பொருள் என்பது ஐந்தாவது. 1929 இற் சங்கத்தின் ஆதரவிற் பயிற்சி வகுப்புத் தொடங்கியது. 1931 இற் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1937 இல் அது பட்டதாரிகளுக்குரிய ஓராண்டு டிப்புளோமாக் கல்வியாக உயர்ந்தது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. வகுப்பும் சான்றிதழும் உளவாயின், கருத்தரங்கு எதற்கு? ஐந்தாம் விதியிலேயே இதற்கு விடையுண்டு. நூலகம் வளருமாயின் நூலகனும் வளர்தல் வேண்டும். இஃது அணிநயத்துக்காகக் கூறுவதன்று. இரங்கநாதனின் கோலன் பகுப்பு 1933 இல் வெளிவந்தது. இலண்டனிற் கடையொன்றிற் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளிலே, சிறு துண்டுகளைப் பலவாறு இணைத்துப் பல உருவங்களை ஆக்கலாம் என்று கண்டதன் பயனாகப் பிறந்தது அது. முதற் பதிப்பிற் பொருட்கூறுகளை இணைக்க முக்காற்புள்ளி ஒன்றே பயன்பட்டது. 1952 இல் வந்த நான்காம் பதிப்பிலோ, ஆள்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐவகை அடிப்படைகள் வகுக்கப்பட்டு, அவற்றுக்கு வெவ்வேறு குறிகளும் அமைந்தன. 1933 இற் கற்றுத் தேறிய ஒருவர் இருபது ஆண்டுகள் கழித்துத் தம் ஆசிரியரின் நூலையே புதிதாய்க் கற்கவேண்டியவரானார். டூயியின் 44 பக்கச் சிறுநூலும் காலப்போக்கிற் பெரிதும் பருத்தது. பயிற்சி முடிந்த நாளோடு படிப்பை மூடிவைத்த நூலகர், முப்பது ஆண்டு பணியின் பெரும்பகுதியைப் பழைய கல்வியோடு கழித்தவராவர். அதனாற் குறைவுபட்டது அவரிடம் நூல் தேடி வந்த வாசகனே.

மற்றொரு காரணமும் உண்டு. நூற்பட்டியலில் ஆசிரியர் பெயரைக் குடும்பப் பெயரை முதலாகக் கொண்டு எழுதுக என்பது மேனாட்டு மரபு. தமிழர்க்கோ குடும்பப் பெயர் இல்லை. முன்னே நிற்பது தந்தையின் முதலெழுத்து. ஆறுமுக நாவலரை எங்கே பதிவது? நாவலர் என்பது பட்டம். அதனைக் குடும்பப் பெயரெனக் கொண்டு பதிந்தாற் சோமசுந்தர பாரதியாரும் சோமசுந்தரப் புலவரும் பட்டத்தினாற் பிரிந்து வெவ்வேறு மூலைகளுக்குச் செல்வர். இவ்வினாவுக்கு இலண்டன் பாடநூல் விடை தராது. 1934 இல் வெளியிட்ட தமது பட்டியல் விதிநூலில் இந்தியப் பெயர்களின் இயல்பினை இரங்கநாதன் ஆராய்ந்தார். 1961 இற் பாரிசிற் கூடிய அனைத்துலக மாநாடும், பெயரைப் பதியும் முறை அவ்வாசிரியர் நாட்டு வழக்கைத் தழுவியதாதல் வேண்டுமென ஏற்றுக்கொண்டது. வழக்கு எது என்பதை அந்நாட்டு நூலகர் தம்முட் கூடி ஆராய்ந்தே துணியவேண்டும். அக்கூட்டமே கருத்தரங்கு.

கருத்தரங்கினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நாற்றங்கால் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. செருமானியப் பல்கலைக்கழகங்களில், ஆசிரியர் சொல்ல மாணாக்கர் எழுதும் முறையை விடுத்து, ஒருவர் ஆராய்ந்து கூறியதை ஏனையோர் தடைவிடைகளால் நுணுகி நோக்கும் முறை வளர்ந்தபோது அதற்கு இப்பெயர் வழங்கலாயிற்று. நூலகத் துறையில் இதனை உலகளாவப் பரப்பியது யுனெசுக்கோ. அந்நிறுவனம் பொதுநூலகங்களைப் பற்றி 1950 இற் சுவீடனிலுள்ள மால்மோவிலும், 1953 இல் நைசீரியாவின் இபதானிலும், 1955 இல் தில்லியிலும் கருத்தரங்குகளை நடத்தியது. இபதானிற் கூடியவர் கலைந்தபின் வாளாவிருக்கவில்லை. அதன் பயனாக மேற்கு ஆபிரிக்க நூலகச் சங்கம் 1954 இல் உருவாயிற்று. இக்காலத்திற் கருத்தரங்கு என்னும் பெயரில் நடைபெறுவனவற்றுட் பல, விளக்கேற்றலிலும் வரவேற்புரையிலும் பாதிப்பொழுதைப் போக்கி, கட்டுரை படிப்போருக்குப் பத்து நிமிடமும் வினாவுவோருக்கு ஒன்றுமில்லையுமாக முடிகின்றன. இவற்றைக் கருத்தரங்கு எனல் உபசார வழக்கேயாம்.

உண்மைக் கருத்தரங்கு எத்தகையது என்பதற்குப் பெங்களூரை எடுத்துக்காட்டலாம். 1962 இல் இந்தியப் புள்ளியியற் கழகத்தின் சார்பில் அங்கே ஆவணவாக்க ஆய்வு பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. எழுபது வயதில் இரங்கநாதன் அதன் தலைமையை ஏற்றார். 1963 முதல் அந்நிலையம் ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தி, அதன் கட்டுரைகளைத் தொகுதியாக வெளியிட்டு வந்தது. ஆராய்ச்சியும் பயிற்சியும் அங்கே ஒரு கூரையின் கீழ் இருந்தன. முதியவர் கோட்பாட்டை இளையவர் மறுத்துரைக்க இடமிருந்தது. 1972 இல் இரங்கநாதன் மறைந்தார். அவர் முடிக்காது விட்ட கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு 1987 இல் அந்நிலையத்துக் கோபிநாத்தின் முயற்சியால் வெளிவந்தது. தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாவை நூலகவியற் பேராசிரியர் பதவிக்கெனச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் வழங்கியமையும் நினைத்தற்குரியது.

இலங்கையில் இம்முயற்சி காலந்தாழ்த்தே தொடங்கியது. இலங்கை நூலகச் சங்கம் 1960 இல் தோன்றிப் பயிற்சி வகுப்புக்களை நடத்தலாயிற்று. 1961 இற் பேராதனையிற் பல்கலைக்கழகம் தொடங்கிய டிப்புளோமாக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பின்னர் களனியிலும், 1999 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து எழுந்த தேசிய நிறுவனத்திலும் நூலகவியல் உயர்கல்வியாக இடம்பெற்றது. யாழ்ப்பாணத்துக்கு இரங்கநாதனோடு நேரான தொடர்புண்டு. 1933 இற் செல்லப்பா என்பாரின் முயற்சியாற் கருக்கொண்ட பொது நூலகத்துக்குப் புதுக்கட்டிடம் அமைக்க எண்ணியபோது, அவரது ஆலோசனை பெறப்பட்டது. அக்கட்டிடம் 1959 இல் திறக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன.

அச்சிட்ட நூலை வேறிடத்திற் தேடிப் பெறலாம். ஒற்றை ஏட்டுச் சுவடி எரிந்தால் அதற்குப் பிரதி இல்லை. எனவே பிரதி செய்து பலவிடத்தும் வைத்தல் நூலகரின் தொழிற் கடமைகளுள் ஒன்றாயிற்று. ஈழத்துத் தமிழ் நூல்களைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்க்கும் நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் 2005 இற் தன்னார்வலர்களாற் தொடங்கப்பெற்றது. சுவடிக்குப் புல்லெண்ணெய் பூசி எழுத்தைத் தெளிவாக்குதல், மடிந்த ஏட்டை முறியாது பிரித்தல், படமெடுத்தல், எடுத்த படத்துக்கு ஆசிரியர் பெயரும் பொருளும் குறித்துப் பட்டியலிடுதல் என இப்பணி பலவகைத்து. முதலிரண்டையும் அறிந்த முதியவர்க்குக் கணினி புதிது. கணினி அறிந்த இளையவர்க்கு ஏடு புதிது. இவ்விருசாராரையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தவல்ல கருத்தரங்குகள் நம் பிரதேசத்தில் ஆண்டுக்கு ஒன்றேனும் நிகழுமாயின், வீடுகளின் பரணிற் கிடக்கும் ஏடுகளிற் சிலவாவது செல்லரிக்குமுன் பட்டியலில் ஏறும்.