கேள்வி கேட்டவரும் அறிக்கை எழுதியவரும்

பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உலாவுவோர் பலருக்கு அதன் போர்க்கால வரலாறு தெரியாது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை அங்கேதான் அமைத்தார். அப்படையினருக்கான ‘சியாக்’ நாளிதழ் அவ்வாண்டு ஜனவரி முதல் கல்கத்தாவில் அச்சாகி வந்தது. அதன் ஆசிரியர் பிராங்க் ஓவன்.

இலண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ ஆசிரியராக இருந்த ஓவன், 1940இல் மைக்கல் ஃபுட், பீட்டர் ஹோவர்ட் ஆகியோருடன் சேர்ந்து, ‘கேட்டோ’ என்ற புனைபெயரில், ‘குற்றமிழைத்தோர்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலொன்றை எழுதியவர். டன்கேர்க் பின்னடைவுக்கு அந்நூல் சிப்பாயைக் குறைகூறவில்லை; போதிய ஆயுதமின்றி அவனை அனுப்பிய மேலிடத்தாரையே பெயர்சுட்டிக் குற்றஞ்சாட்டியது. அத்தகையவரே பின்னர் படையின் இதழை நடத்தினார். போர் முடிந்தபின் பத்திரிகைத் துறைக்குத் திரும்பி, 1947இல் ‘டெய்லி மெயில்’ ஆசிரியரானார்.

நிறுவனமொன்றின் பணியை ஏற்பது பத்திரிகையாளனுக்கு இழுக்கன்று. ‘பொறுப்பாளி யார்?’ என்ற கேள்வியை மேல்நோக்கி எழுப்பப் பழகியவன், அதே திறமையால் பழியைக் கீழ்நோக்கித் தள்ளுவதே இழுக்கு.

பல ஆண்டுகளுக்கு முன், கண்டியை அண்டிய பாடசாலையொன்றில் மாணவர் அனுமதிக்குப் பணம் பெற்றதாகச் சர்ச்சை எழுந்தது. இலிகிதர் ஒருவர் மட்டும் இடைநிறுத்தப்பட்டார். அனுமதிப் பட்டியலில் ஒப்பமிடும் அதிகாரம் அவருக்கு இருந்ததில்லை. எங்களுக்கு வந்த அறிக்கையோ மிகக் கச்சிதமாக இருந்தது. அதை எழுதியவர் எங்கள் ஆசிரியபீடத்திலிருந்து பொதுசனத் தொடர்புக்குச் சென்ற நண்பர். எந்த வரியை நாங்கள் தலைப்பாக்குவோம் என்பதை அவர் அறிவார். நானும் அவ்வரியையே தலைப்பாக்கினேன். இலிகிதரின் வீட்டுக் கதவை நான் தட்டவில்லை.

தட்டியிருந்தாலும் அவர் பேசியிருப்பாரா? அரசாங்க ஊழியர் அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் வழங்குவதைத் தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயம் கட்டுப்படுத்துகிறது. நிறுவனத்துக்குப் பேச்சாளர் உண்டு. பழி சுமந்தவனுக்கு மௌனமே விதி. பலிக்கடாக்கள் பெரும்பாலும் கீழ்மட்டத்தில் அகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அனுமதிக்கப்பட்ட தகவலை வெளியிடும் ஊழியரைத் தண்டிக்கலாகாதென அதன் 40ஆம் பிரிவு கூறுகிறது. பட்டியலில் ஒப்பமிட்டவர் யார் என்பதை அறிய இன்று ஒரு விண்ணப்பம் எழுதலாம்.

அன்று அச்சட்டம் இருக்கவில்லை. ஆனால் கதவு இருந்தது.