மூச்சு இருக்கும்போதே 'மூளைச்சாவு' என்பது ஏன்? மூளைத்தண்டு செய்யும் வேலை என்ன?

விபத்தில் சிக்கியவர் ஐசியூவில் இருக்கிறார். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பும் சூடாக இருக்கிறது. ஆனால் டாக்டர் 'மூளைச்சாவு' என்கிறார். "மூச்சு இருக்கே, எப்படி உயிர் போயிடுச்சுனு சொல்றீங்க?" என்று குடும்பம் கேட்கும். அதற்கான பதில், கட்டை விரல் அளவே உள்ள மூளைத்தண்டில் இருக்கிறது.

மூளைத்தண்டு எங்கே இருக்கிறது?

மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதி இது. நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று பாகங்கள் உண்டு. மூச்சு, ரத்த அழுத்தம், விழுங்குவது, இருமுவது எல்லாம் இதன் கட்டுப்பாட்டில்தான்.

நம்மை விழிக்க வைப்பது எது?

மூளைத்தண்டின் நடுவே வலை போல நரம்பு செல்கள் பரவியிருக்கின்றன. 1949-ல் ஜியூசெப்பே மொருஸி, ஹோரஸ் மகூன் என்ற இரு விஞ்ஞானிகள், மயக்கத்தில் இருந்த பூனைகளின் இந்தப் பகுதியை மின்சாரத்தால் தூண்டினர். உடனே மூளை அலைகள் தூக்க நிலையிலிருந்து விழிப்பு நிலைக்கு மாறின.

இங்கிருந்து நோர்அட்ரினலின், செரட்டோனின் போன்ற ரசாயனங்கள் வழியாக மேலே சிக்னல் போகிறது. அது போனால்தான் பெருமூளை சுறுசுறுப்பாகும். வீட்டுக்கு மெயின் சுவிட்ச் மாதிரி. சுவிட்சைப் போடுவது மூளைத்தண்டு. பார்ப்பதையும் கேட்பதையும் புரிந்துகொள்ள பெருமூளையும் வேலை செய்ய வேண்டும்.

என்ன வித்தியாசம்?

கோமா: தட்டினாலும் கிள்ளினாலும் கண் திறக்காது. ஆனால் மூளைத்தண்டின் சில வேலைகளாவது நடக்கும். மீண்டு வர வாய்ப்பு உண்டு.

வெஜிடேட்டிவ் நிலை: கண் திறக்கும், தூங்கி விழிப்பார். ஆனால் சுற்றி நடப்பதை உணர்வதற்கான அறிகுறி இருக்காது. மூளைத்தண்டு இயங்குகிறது, பெருமூளைதான் பாதிக்கப்பட்டிருக்கிறது.

லாக்டு-இன்: பான்ஸின் முன்பக்கம் பாதிக்கப்படுவதால் வருவது. நினைவு முழுசாக இருக்கும், கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாது. 1995-ல் பக்கவாதம் தாக்கிய பிரெஞ்சு பத்திரிகையாளர் ஜீன்-டொமினிக் பாபி, இடது கண்ணை மட்டும் சிமிட்டி ஒரு புத்தகமே எழுதினார்.

மூளைச்சாவு: மூளைத்தண்டு நிரந்தரமாக நின்றுவிட்டது. மூச்சு விடுவது வென்டிலேட்டர். இதயம் தானாகவே துடிக்கக்கூடியது என்பதால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை கொஞ்ச காலம் துடிக்கும்.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

மயக்க மருந்து, விஷம், உடல் குளிர்ந்துபோவது போன்றவை காரணமில்லை என முதலில் பார்ப்பார்கள். பிறகு கண்ணில் வெளிச்சம் அடிப்பது, காதில் குளிர்ந்த நீர் விடுவது, இருமல் வருகிறதா என்று பார்ப்பது எனப் பல சோதனைகள். கடைசியாக வென்டிலேட்டரை எடுத்துவிட்டு, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, சுயமாக மூச்சு வருகிறதா என்று கவனிப்பார்கள். இந்தியாவில் 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்று சட்டப்படி, 4 டாக்டர்கள் கொண்ட குழு இதைச் சான்றளிக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை நடக்கும்.

அதனால் ஐசியூ வாசலில் நிற்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது: "இது கோமாவா, மூளைச்சாவா? ரெண்டு தடவையும் டெஸ்ட் முடிஞ்சுதா?" கோமா என்றால் காத்திருக்கலாம். முறைப்படி உறுதி செய்யப்பட்ட மூளைச்சாவு என்றால், அது மரணம்தான். உறுப்பு தானமா, வேண்டாமா என்பது அதன் பிறகு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு.