தோளில் வந்த சோறு

குடும்பத்தோடு வெளியே சென்று உணவுக்கடையில் அமர்ந்து உண்பது இன்று நம்மிடையே இயல்பான வழக்கமாகிவிட்டது. செபராங் ஜெயா நகரியத்தில் பொழுது சாய்ந்ததும் நாசி கண்டார் கடைகள் நிறைந்துவிடுகின்றன. மலாய் மக்களும் சீனரும் தமிழரும் ஒரே வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னே அடுக்கியிருக்கும் குழம்புச் சட்டிகளைச் சுட்டிக்காட்டி வேண்டியதைக் கேட்டு வாங்குகின்றனர். இவ்வுணவு எந்த ஊர் உணவு என்று வினவினால், பினாங்கு உணவு என்றே பலரும் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று; ஆனால் அது பாதி விடையே. மறுபாதி தமிழகத்தின் கடற்கரையில் இருக்கிறது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘நாசி’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சோறு என்பது பொருள். ‘கண்டார்’ என்பது தோளில் தடியை வைத்து, அதன் இருமுனையிலும் சுமையைத் தொங்கவிட்டுச் செல்வதைக் குறிக்கும். நம் வழக்கில் அது காவடி. உலகில் உணவுகளுக்குப் பெயர் அமைவது பெரும்பாலும் அவற்றின் சுவையால், அல்லது ஊரால், அல்லது சேர்மானத்தால். இவ்வுணவுக்கோ அதனைச் சுமந்து வந்தவனின் தோளால் பெயர் அமைந்தது. உழைப்பே பெயராகி நின்ற உணவு இது.

சுமந்து வந்தவர் யார்? தமிழ் முசுலிம்கள். பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் கொடியை ஏற்றுவதற்கு முன்பே, சூலியா என்று அழைக்கப்பெற்ற தமிழ் முசுலிம் வணிகர் கெடாக் கரையோடு வாணிகத் தொடர்பு கொண்டிருந்தனர். புதிய துறைமுகம் அமைந்ததும் அவர்கள் திரளாக வந்தனர். அவர்கள் பெயரால் சூலியா தெரு அமைந்தது. 1801இல் காதர் மொகிதீன் மரைக்காயரை முதல்வராகக் கொண்டு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. இதற்கு ஓராண்டு முன்னர், 1800இல், தீவுக்கு எதிரேயுள்ள நிலப்பகுதியும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அந்நிலப்பகுதியே இன்றைய செபராங் பிறை. செபராங் ஜெயா அதனுள் அடங்கியது.

வணிகரைப் பற்றியும் கப்பித்தான்களைப் பற்றியும் ஆவணங்கள் உண்டு. அவர்களுக்குப்பின் வந்த எளியோரைப் பற்றியோ குறிப்புகள் அரியன. 1880களில் கடலைத் தூர்த்து வெல்டு துறைமுகச் சாலை அமைக்கப்பட்டது. ஈயமும் பின்னர் இரப்பரும் அவ்வழியே உலகச் சந்தைக்குச் சென்றன. தொங்காங் படகுகளிலிருந்து மூட்டை இறக்குவோர், வண்டி இழுப்போர், கிடங்குக் காவலர் என ஆயிரக்கணக்கானோர் வீடும் அடுப்பும் இன்றி அங்கே உழைத்தனர். பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஆடவர். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு வரும் அவர்களைத் தேடிச் சோறு நடந்து வந்தது.

காவடியின் ஒருபுறம் சுடுசோற்றுக் கூடை. மறுபுறம் குழம்புச் சட்டிகள். மீன் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு, வேகவைத்த முட்டை, வெண்டைக்காய் என்ற அளவில் கறிவகைகள் அமைந்தன. மரநிழலில் அல்லது ஐந்தடி நடைபாதையில் சுமையை இறக்கி, குந்தியபடியே இலையில் பரிமாறினர். பல குழம்புகளையும் ஒன்றாகக் கலந்து சோறு மூழ்க ஊற்றும் முறையை மலாயில் ‘பாஞ்சிர்’, அதாவது வெள்ளம், என்று குறிப்பர். இன்று சுவைக்காக விரும்பப்படும் அம்முறையின் பயனை எண்ணிப் பார்க்கலாம். கறித்துண்டு வாங்கக் காசில்லாதவனும் குழம்பால் வயிறு நிறையச் சோறு உண்ண முடிந்தது. ‘மாமா’ என்னும் நம் உறவுச்சொல் ‘மாமாக்’ என மலாயில் திரிந்து, அவர்களையும் அவர்கள் கடைகளையும் குறிக்கும் பெயராயிற்று.

அக்குழம்புக்கு வேண்டிய மசாலையை அம்மியில் அரைத்த கைகளையும் நாம் மறத்தல் கூடாது. கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் குடும்பமாக வந்தோர் உண்டு. சிங்கப்பூரில் அவ்வூர்ப் பெண்கள் மசாலை அரைத்துச் சந்தையில் விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். காவடி சுமந்தவனின் தோள் தெருவில் தெரிந்தது. அம்மி அரைத்த கையோ வீட்டினுள்ளேயே மறைந்தது.

தோளில் வந்த சோறு மெல்ல மெல்லத் தள்ளுவண்டிக்கும், ஒட்டுக்கடைக்கும், பின்னர் கட்டடத்துக்கும் ஏறியது. காம்பெல் தெருவிலுள்ள அமீதியா உணவகம் தன் தொடக்கத்தை 1907ஆம் ஆண்டில் வைத்துக் கூறுகிறது. நடந்து சென்று விற்றவன் ஓரிடத்தில் நிலைத்ததும், உண்பவன் நடந்து வரலானான். ‘வெளியே சென்று உண்ணுதல்’ என்று நாம் இன்று கூறுவதன் தொடக்கம் இந்நகரத்தைப் பொறுத்தவரை இதுவே எனலாம்.

உழைப்போர் எங்கே திரண்டனரோ, அங்கே இவ்வுணவும் சென்றது. 1969இல் பினாங்குத் தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வணிகம் தளர்ந்து வேலையின்மை பெருகியது. அதே ஆண்டில் அமைந்த பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொழிற்பேட்டைகளையும் புதிய நகரியங்களையும் உருவாக்கத் தொடங்கியது. தீவில் பாயான் லெப்பாசிலும், எதிர்க்கரையில் பிறையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. செபராங் ஜெயா அம்முயற்சியில் பிறந்த நகரியமே. மூட்டை சுமந்தவனின் பேரப்பிள்ளைகள் இயந்திரத்தின் முன் நின்றனர். இரவு வேலை முடித்து வருவோருக்காக, விடிய விடியத் திறந்திருக்கும் கடைகள் தோன்றின. வெல்டு துறைமுகச் சாலையில் வைகறையில் நடந்த கதையே, இங்கே மின்விளக்கின் கீழ் மீண்டும் நடந்தது.

1985ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் தீவையும் நிலப்பகுதியையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பிடித்து, ‘ரஜூலா’ முதலிய கப்பல்கள் பல்லாண்டு காலம் நம்மவரை ஏற்றி வந்த பயணிகள் கடல்வழி முடிவுற்றது. ஒரு கடலின்மேல் வழி திறந்தது. மற்றொரு கடலின்மேல் வழி மூடியது.

பிறகு மற்றோர் இடி விழுந்தது. பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பெற்று, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முற்றிலும் விலகியது. சியார்ச்சு டவுனின் உட்பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோரும் சிறுவணிகரும் உயர்ந்த வாடகையைத் தாங்கமாட்டாமல் வெளியேறினர். 2008இல் அந்நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சுவர்களுக்கும் தூண்களுக்கும் காவல் கிடைத்தது. அச்சுவர்களுக்குள் சமைத்தும் உண்டும் வாழ்ந்தோரில் பலர் அதற்குள் அகன்றிருந்தனர்.

வேறொரு நாட்டிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் மலைநாட்டைச் சேர்ந்த பாஸ்க் மக்கள், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் சென்று ஆடு மேய்த்தனர். குடும்பமின்றி வந்த அவ்வாயர்களுக்காக அவர்கள் இனத்தவரே தங்குவிடுதிகள் நடத்தினர். நீண்ட மேசையில் முன்பின் அறியாதோர் அருகருகே அமர்ந்து, பொதுக் கலத்திலிருந்து எடுத்து உண்டனர். நாளடைவில் அவ்விடுதிகள் ஊரார் அனைவரும் விரும்பிச் செல்லும் உணவகங்களாயின. கலிபோர்னியாவின் பேக்கர்சுபீல்டு நகரில் 1893இல் தோன்றிய நொரியேகா விடுதி 2020இல்தான் மூடப்பட்டது. அவர்களுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நெவாடாப் பல்கலைக்கழகத்தில் 1967இலேயே பாஸ்க் ஆய்வுக்கென ஒரு துறை தொடங்கப்பெற்றது. ஆயர்களின் வாழ்வும் விடுதிகளின் கதையும் ஆய்வுக்குரிய செய்திகளாயின.

நம் நிலை என்ன? 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழ் இதழ்கள் அச்சேறிய நகரம் பினாங்கு. சூலியாக்களின் வரலாற்றைச் சல்மா நசுத்தியோன் கூ ஆங்கிலத்தில் விரிவாக ஆராய்ந்து 2014இல் நூலாக்கினார். அந்நூல் பெரிதும் பள்ளிவாசலையும் அதனைச் சூழ்ந்த சமுதாயத்தையும் பற்றியது. காவடி சுமந்தவனின் வாழ்வைத் தமிழில் எழுதும் கடன் தமிழ் எழுத்தாளராகிய நம்முடையது. எந்த ஊரிலிருந்து வந்தான், யாரிடம் தொழில் கற்றான், எந்த விடுதியில் எத்தனை பேரோடு படுத்துறங்கினான், ஒரு தட்டுச் சோற்றுக்கு என்ன விலை வாங்கினான், ஊருக்கு என்ன அனுப்பினான் என்பன எல்லாம் இன்னும் சில முதியோர் நினைவில் எஞ்சியுள்ளன. தந்தை சுமந்ததைக் கண்ணால் கண்ட பிள்ளைகளே இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். அவர்கள் மறைந்தால் அவ்வேடும் மறையும்.

குழம்பின் செய்முறையைக் கடைக்காரர் காப்பாற்றுவர்; அது அவர்தம் பிழைப்பு. அதனைச் சுமந்து வந்த மனிதரின் பெயரைக் காப்பாற்றுவது எழுதுகோல் பிடித்தோர் பொறுப்பு. தடியும் கூடையும் தெருவிலிருந்து மறைந்துவிட்டன. பெயரில் மட்டும் அந்தத் தோள் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.