மாண்டிசோரி கற்றல் கருவிகள்

மாண்டிசோரி கற்றல் கருவிகள் என்பவை 3 முதல் 6 வயது வரையான குழந்தைகள் தம் கைகளால் தொட்டும், அடுக்கியும், ஒப்பிட்டும் கற்பதற்கென உருவாக்கப்பட்ட பொருட்கள் ஆகும். இவற்றை அடிப்படையாகக் கொண்ட மழலையர் கல்வி முறையை இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி (1870 - 1952) உருவாக்கினார். மொழி, கணிதம், புவியியல் முதலிய பாடங்கள் அனைத்துக்கும் இம்முறையில் தனித்தனிக் கருவிகள் உள்ளன.

வரலாறு

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றிய மாண்டிசோரி, பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகேன் ஆகியோரின் பயிற்சி முறைகளை ஆராய்ந்தார். அவற்றைப் பிற குழந்தைகளுக்கும் ஏற்றவாறு மாற்றியமைத்து, சனவரி 6, 1907 அன்று உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் "குழந்தைகள் இல்லம்" என்ற பள்ளியைத் தொடங்கினார். ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளே இங்கு பயின்றனர்.

கருவிகளின் பொதுத் தன்மைகள்

ஒவ்வொரு கருவியும் ஒரு பண்பை மட்டும் வேறுபடுத்திக் காட்டும். எடுத்துக்காட்டாக, இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பக்க அளவுள்ள 10 கனசதுரங்கள் உள்ளன. நிறமும் வடிவமும் மாறாமல் அளவு மட்டும் மாறுவதால், குழந்தையின் கவனம் அளவின் மீதே செல்கிறது.

பிழையைக் குழந்தை தானே கண்டறிவது மற்றொரு தன்மையாகும். 0 முதல் 9 வரை எண்ணிடப்பட்ட அறைகள் கொண்ட பெட்டியில் 45 குச்சிகளை எண்ணி இடும் பயிற்சி இதற்குச் சான்று. எங்கேனும் எண்ணிக்கை தவறினால் இறுதியில் குச்சிகள் குறையும் அல்லது மிஞ்சும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. சுழியத்துக்குரிய அறை வெறுமையாக இருப்பதால், "ஒன்றுமில்லை" என்பதன் பொருளும் விளங்குகிறது.

பாடவாரியான கருவிகள்

* அன்றாட வாழ்க்கை: நீர் ஊற்றுதல், பொத்தான் இடுதல், துடைத்தல் போன்ற பயிற்சிகள். இவை எழுதுவதற்குத் தேவையான விரல் கட்டுப்பாட்டையும் வளர்க்கின்றன.
* மொழி: உப்புத்தாளில் வெட்டி ஒட்டப்பட்ட எழுத்துகள். குழந்தை எழுத்தின் வடிவத்தை விரலால் தடவியபடியே அதன் ஒலியைச் சொல்கிறது.
* கணிதம்: பொன்னிற மணிகள். ஒரு மணி ஒன்றையும், பத்து மணிக் கோர்வை பத்தையும், சதுரம் நூறையும், கனசதுரம் ஆயிரத்தையும் குறிக்கும். இதனால் இடமதிப்பைக் கையில் ஏந்தி உணர முடிகிறது.
* புவியியல்: நிலப்பகுதி சொரசொரப்பாகவும் நீர்ப்பகுதி வழவழப்பாகவும் அமைந்த உலக உருண்டை.

தமிழ்நாட்டுடனான தொடர்பு

பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி, அங்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும், உடன் வந்திருந்த அவரது மகன் மாரியோ ஆங்கிலேய அரசால் சில காலம் தடுத்து வைக்கப்பட்டார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய மாண்டிசோரி, 1946 இல் ஐரோப்பா திரும்பினார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 இல் தொடங்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையிலும் இவரது கருத்துகளின் தாக்கத்தைக் காணலாம்.

விமர்சனங்களும் ஆய்வுகளும்

அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக், 1914 இல் வெளியிட்ட நூலில், இக்கருவிகளின் பயன்பாடு வரையறுக்கப்பட்டிருப்பதால் கற்பனை விளையாட்டுக்கு இடம் குறைவு என்று வாதிட்டார். மாறாக, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடத்தப்பட்டு 2006 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வில், குலுக்கல் முறையில் மாண்டிசோரி பள்ளியில் இடம் பெற்ற 5 வயதுக் குழந்தைகள், இடம் கிடைக்காதவர்களைவிட வாசிப்பிலும் கணிதத்திலும் மேம்பட்டிருந்தனர். எனினும் அது ஒரு நகரத்தில் செய்யப்பட்ட சிறிய ஆய்வே ஆகும்.

"மாண்டிசோரி" என்ற பெயரைப் பொதுவாக எப்பள்ளியும் சூட்டிக்கொள்ள இயலும். எனவே பெயர்ப்பலகையைக் கொண்டு மட்டும் ஒரு பள்ளியின் கற்பித்தல் முறையை அறிய இயலாது. கருவிகள் அலமாரியில் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் உள்ளனவா, அவர்கள் தாமே தேர்ந்தெடுத்து இடையூறின்றி நெடுநேரம் பயன்படுத்த முடிகிறதா, வெவ்வேறு வயதினர் ஒரே வகுப்பில் உள்ளனரா என்பனவே இம்முறையின் முதன்மை அடையாளங்களாகும்.