50 காசிலிருந்து பேநவ் வரை

பொன்விழா மலர்களில் சங்க வரலாற்றைத் தலைவர்கள், கட்டடங்கள், விழாக்கள் வழியாகச் சொல்வது வழக்கம். சங்கத்தின் இளைய வணிகர்களாகிய நாங்கள் அதை நன்கொடை வந்த வழியாகச் சொல்லிப் பார்க்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கும் நோயாளிகளின் மருந்துக்கும் நம் சங்கம் கொடுத்த ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஓர் உறுப்பினர் கையிலிருந்து வந்ததுதான்.

கொடுப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சூலியா முஸ்லிம்கள் 1826ஆம் ஆண்டிலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1982 வரை நடந்தது. அந்தக் காலத்தில் கேட்பவரும் கொடுப்பவரும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள். முகம் தெரியும், கடை தெரியும். அந்த அறிமுகமே ரசீது.

வீடமைப்புப் பேட்டைகள் எழுந்தபோது மக்கள் தீவெங்கும் பரவினார்கள். வீடு வீடாக நடந்து வசூலிப்பது கடினமாயிற்று. நம் சங்கம் பிறந்த அதே 1975ஆம் ஆண்டில் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாக மாதம் 50 காசு பிடிக்கப்பட்டது. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். அந்தச் சிறு காசில் 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. பின்னர் 20க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இத்திட்டத்தால் உருவாயின. கைத்தொலைபேசி இல்லாத காலத்திலேயே நம் சமூகம் கற்ற பாடம் இது: தொகை சிறிதாக இருக்கட்டும், தவறாமல் வரட்டும், கொடுப்பவருக்குச் சிரமம் இல்லாதிருக்கட்டும்.

சங்கத்துக்கு அப்படிச் சம்பளத்தில் பிடிக்கும் வசதி கிடையாது. ரசீதுப் புத்தகமும் கடை மேசை உண்டியலும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் புளோக் புளோக்காக ஏறி இறங்கிய பெரியவர்கள் சந்தாவை மட்டும் கொண்டு வரவில்லை. எந்த வீட்டில் நோய், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என்ற செய்தியையும் கொண்டு வந்தார்கள். உதவி யாருக்குத் தேவை என்பது சங்கத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

2017 ஜூலையில் பேநவ் வந்தது. 2018 ஆகஸ்டில் நிறுவனங்களும் அமைப்புகளும் தங்கள் பதிவெண்ணைக் கொண்டே அதில் பணம் பெற முடிந்தது. எங்கள் கடைகளில் கியூஆர் குறியீட்டை ஒட்டினோம், வாடிக்கையாளர் பழகிக்கொண்டார்கள். ஆனால் நன்கொடை என்றால் நோட்டை மடித்து உண்டியலில் போடுவதே மனத்துக்கு நிறைவு என்று பலரும் இருந்தார்கள். 2020இல் நிலைமை மாறியது. கொவிட்-19 காரணமாக மார்ச் 13 முதல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. அவ்வாண்டு ரமலான் முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. ஜும்ஆ இல்லை, எனவே ஜும்ஆ உண்டியலும் இல்லை. வேலை இழந்தவர்களுக்கோ உதவி உடனே வேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் அனுப்பத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்று இளையவர்கள் பலரின் பையில் ரொக்கமே இருப்பதில்லை. அவர்களின் தர்மம் எது சுலபமோ அங்கே போகும். நாம் எளிதாக்காவிட்டால் அது நம் சங்கத்துக்கு வராது. அதே சமயம், பணம் மட்டும் வந்து செய்தி வராமற்போனால் சங்கம் ஒரு வங்கிக் கணக்காகிவிடும்.

வணிகர்கள் என்ற முறையில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். குறியீட்டை வருடினால் பணம் பெறுபவரின் பெயர் திரையில் வரும்; சங்கத்தின் பெயரைப் பார்த்த பிறகே அனுப்புங்கள். உண்மையான குறியீட்டின் மேல் போலியை ஒட்டி ஏமாற்றுவோர் உண்டு. அனுப்பும்போது கல்வி நிதிக்கா, மருத்துவ உதவிக்கா என்று குறிப்பில் எழுதுங்கள். அந்த ஒரு சொல் பொருளாளரின் பாதி வேலையைக் குறைக்கும். சங்கமும் மாதந்தோறும் எவ்வளவு வந்தது, எதற்குச் சென்றது என்பதை வாட்ஸ்ஆப்பில் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். முகம் பார்த்து வந்த நம்பிக்கையை இனி கணக்கு பார்த்துத்தான் பெற முடியும். உதவி பெறுவோரின் பெயரும் படமும் மட்டும் அதில் வேண்டாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருப்பதே நம் மரபு.

வீட்டுக்குப் போகும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். வசூலுக்காக இல்லாவிட்டாலும் நலம் விசாரிக்க, ஒரு பெரியவரோடு ஓர் இளையவர் சேர்ந்து போகட்டும். ரொக்கமாகத் தர விரும்பும் மூத்தவர்களுக்கு ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கட்டும்.

வெயிலிலும் மழையிலும் படியேறிய நம் முன்னோர்களின் உழைப்பை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.