காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

நாற்பதைத் தாண்டிய பிறகுதான் புதுக்கவிதைப் பக்கம் போனேன். பள்ளிக்கூடம் விட்டுச்சென்ற பழக்கம் ஒன்று கூடவே வந்தது. செய்யுள் என்றால் மனப்பாடம், அருஞ்சொற்பொருள், கருத்துரை. அந்தப் பழக்கத்தோடு இன்றைய கவிதை ஒன்றைத் திறந்தால், இரண்டாம் வரியிலேயே மனம் பொழிப்புரையைத் தேடத் தொடங்கிவிடும். அது அகப்படாதபோது 'எனக்குப் புரியவில்லை' என்று புத்தகத்தை மூடிவைப்போம்.

என்னை அதிலிருந்து மீட்டவை இரண்டு மரபுகள். ஒன்று, 1959இல் சி.சு. செல்லப்பா சென்னையிலிருந்து தொடங்கிய 'எழுத்து' இதழின் வழி வந்தது. மற்றது, 1971இல் கோவையிலிருந்து புறப்பட்ட 'வானம்பாடி'யின் வழி வந்தது. இலக்கிய வரலாறு இவற்றை எதிரெதிர் அணிகளாகவே நிறுத்தும். அவநம்பிக்கை, தனிமனிதப் புலம்பல் என்று ஒரு பக்கம் குற்றம் சொன்னது. கோஷம், வெற்று ஆரவாரம் என்று மறுபக்கம் திருப்பிச் சொன்னது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. வயது வந்தபின் கவிதை பழகும் ஒருவருக்கு இந்த இரண்டும் என்ன கற்றுத் தருகின்றன என்பதே என் கேள்வி.

முதலில் எனக்குக் கிடைத்தது வானம்பாடி. புவியரசு, சிற்பி, மு. மேத்தா எனப் பலரும் தமிழ் கற்பித்தவர்கள். யாப்பை அறிந்து, அதை விட்டு வெளியே வந்தவர்கள். அவர்களுடைய வரிகளுக்குள் கவியரங்க மேடை இருக்கிறது. ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும், உருவகம் அடுக்கடுக்காக ஏறும், கடைசி அடி வந்து விழும்போது கூட்டம் மூச்சு விடும். 1974இல் வந்த மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்க'ளை எங்கள் ஊர் நூலகத்தில் எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள். ஓரங்களில் மூன்று நான்கு பேரின் கையெழுத்து. அன்றிரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மெதுவாக வாய்விட்டுப் படித்தேன். எதற்கும் பொருள் தேடவில்லை. கவிதை முன்னால் உட்கார்ந்து பயப்படாமல் இருந்தது அதுவே முதல் தடவை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கவிதைகளில் பல, முதல் தடவை கேட்கும்போதே தம்மை முழுதாகக் கொடுத்துவிடுகின்றன. மறுநாள் திரும்பிப் போனால் அதே இடத்தில் அதே கைதட்டல்தான்.

எழுத்து மரபில் நடப்பது நேர்மாறு. முதல் வாசிப்பில் கதவே திறக்காது. பிரமிளின் படிமங்களோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. உவமை என்றால் ஒரு பொருளை விளக்க வருவது என்று நம்பியிருந்தேன்; இங்கே படிமம் எதையும் விளக்க வராமல் தானே நின்றது. நாலாவது ஐந்தாவது வாசிப்பில்தான், அதை வேறொன்றாக மொழிபெயர்க்காமல் அப்படியே பார்க்கலாம் என்று பட்டது. பிறகு பசுவய்யாவும் சி. மணியும் ஓரளவு வசப்பட்டார்கள். 1962இல் செல்லப்பா தொகுத்த 'புதுக்குரல்கள்' இப்படிப்பட்ட பொறுமையைக் கேட்கும் புத்தகம். தாம் வெளியிட்ட நூல்களைச் சுமந்துகொண்டு அவர் கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்தப் பொறுமையை அவர் வாசகரிடம் மட்டும் கேட்கவில்லை.

எனக்கு மிகவும் துணை நின்றவர் ந. பிச்சமூர்த்தி. வழக்கறிஞராக இருந்தவர், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. 1934இல் 'மணிக்கொடி' இதழில் அவருடைய 'காதல்' கவிதை வந்தபோது அவருக்கு வயது 34. பல ஆண்டுகள் கவிதையை விட்டிருந்து, அறுபதை நெருங்கும்போது 'எழுத்து' வழியாகத் திரும்பி வந்தார். இதைப் படித்த நாளில்தான் நானும் ஒரு நோட்டு வாங்கினேன்.

இரண்டு மரபுகளும் நிஜமாகவே சந்தித்தது அந்த நோட்டில். அம்மா போன பிறகு அவள் மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதைப் பற்றி முதலில் எழுதியது இது:

கண்ணாடியே!
நீ அழ நினைத்தால்
கண்ணுக்கு எங்கே போவாய்?

உரக்கப் படித்தால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் அம்மா இல்லை, என் சாமர்த்தியம் இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினேன்:

அம்மாவின் கண்ணாடியைத்
துடைத்து வைக்கிறேன்
மீண்டும் தூசி

'துடைத்து வைக்கிறேன், மீண்டும் தூசி' என்று ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன், வெறும் தகவலாகிவிட்டது. வரியை உடைத்ததும் இடையில் சில நாட்கள் கழிந்தன. எழுத்துக்காரர்கள் வரியை ஏன் அங்கே வெட்டினார்கள் என்பது எழுதிப் பார்த்த பிறகே விளங்கியது. அந்த மூன்று வரியும் வாயில் தடுக்காமல் ஓடுகிறதா என்று சோதித்த காதோ வானம்பாடி தந்தது. உரக்கப் படித்துப் பழகியிராவிட்டால் 'துடைத்து' என்ற சொல்லின் வல்லொற்று, கையின் அழுத்தம் போல ஒலிப்பது எனக்குக் கேட்டிருக்காது.

எந்தப் பள்ளி பெரிது என்று கேட்டால், தயங்காமல் எழுத்துப் பக்கமே நிற்பேன். திரும்பத் திரும்பப் போக இடம் தருவது அதுதான். ஆனால் என் முதல் வகுப்பு அங்கே நடந்திருந்தால், இரண்டாவது வகுப்புக்கு நான் போயிருக்க மாட்டேன்.

முதல் வரியில் 'அம்மாவின்' என்ற சொல் வேண்டுமா, வெறும் 'கண்ணாடியை' போதுமா என்று ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.