வம்பும் காரும்: கொன்றை பூக்கும் காலம் குறித்து

விஷு நெருங்கும்போது மும்பை மாட்டுங்கா கடைத்தெருவில் கொன்றைப் பூங்கொத்துகள் விற்பனைக்கு வரும். பாலக்காட்டுத் தமிழரும் மலையாளிகளும் கணி காண்பதற்காக அவற்றை வாங்கிச் செல்வர். ஏப்ரல் நடுவில் கொன்றை பூத்திருக்கும் என்ற நம்பிக்கையின்மீது நிற்கும் வழக்கம் இது. கேரளத்தில் கொன்றை அதற்குப் பல வாரங்கள் முன்பே பூப்பது இப்போது பதிவாகிவருகிறது.

காலம் தவறிய பூப்பு தமிழுக்குப் புதிய செய்தி அன்று. குறுந்தொகையின் 66ஆம் பாடலில், கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிப் பிரிந்த தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. பருவமல்லாத மழையைக் கார் என்று மயங்கி மரம் பூத்தது எனத் தோழி தேற்றுகிறாள். அம்மழைக்கு அவள் தரும் அடைமொழி ‘வம்பு’ என்னும் சொல்லிலிருந்து வருவது. வம்பு என்பதற்கு நிலையின்மை எனத் தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. இன்று வீண்சண்டைக்கும் ஊர்ப்பேச்சுக்கும் வழங்கும் சொல், அன்று காலம் தவறிய மழையைச் சுட்டவும் பயன்பட்டது.

இதைக்கொண்டு சங்ககாலத்திலேயே காலநிலை மாறியது என்று வாதிடுவது பிழை. கார்காலக் கொன்றை முல்லைத்திணையின் இலக்கிய மரபு. நாள் குறித்த பதிவு அன்று. ஆயினும் மரம் சூழல் தரும் குறிப்பை ஏற்றே பூக்கிறது, அக்குறிப்பு பிறழவும் கூடும் என்னும் அறிவு அப்பாடலில் உள்ளது.

நாள் குறித்த பதிவுக்குச் சிறந்த சான்று ஜப்பானின் கியோட்டோ. அங்குச் செர்ரி மலர்ந்த நாள்கள் அரசவையினர், துறவியரின் நாட்குறிப்புகள் வழியே கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. 2021இல் மார்ச் 26 அன்றே மலர்ச்சி உச்சமடைந்தது. அதுவரை அத்தொடரில் அதனினும் முந்திய நாள் இருந்ததில்லை. குளிர்நாட்டு மரங்களின் மலர்ச்சியை முதன்மையாக இயக்குவது இளவேனில் வெப்பம். வெப்பமண்டல மரங்களிலோ மண்ணின் ஈரம், வறட்சியின் நீளம், பகற்பொழுதின் அளவு ஆகியவையும் சேர்ந்து இயங்குகின்றன. எனவே வெப்பம் கூடினால் பூப்பு முந்தும் என்ற சூத்திரத்தை மும்பைக்கு அப்படியே பொருத்த இயலாது. வேரைச் சுற்றிச் சிமெண்டு பூசப்பட்ட தெருமரத்துக்கு அது இன்னும் பொருந்தாது.

மும்பையின் வானிலைக்கு 1826இல் நிறுவப்பெற்ற கொலாபா ஆய்வகத்தின் நெடிய பதிவுகள் உண்டு. மரங்களின் வரலாறோ சிதறிக் கிடக்கிறது. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழ்கள், தூய சவேரியார் கல்லூரியின் பிளாட்டர் உலர்தாவரக் காப்பகம், அழகிய இந்திய மரங்கள் குறித்துப் பிளாட்டரும் மில்லார்டும் எழுதி 1937இல் வெளிவந்த நூல் ஆகியவை அதன் துண்டுகள். உலர்தாவரத் தாளில் பூவோடு நாளும் இடமும் குறிக்கப்பட்டிருந்தால், அம்மரம் அந்நாளில் பூத்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. 2010இல் கேரளத்தில் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் வாரந்தோறும் மரம் பார்த்துப் பதிவதும் இவ்வகைச் சான்றே.

பூ கிடைக்காத ஆண்டில் மாட்டுங்கா வணிகர் வேற்றூரிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். மகரந்தம் தேடி வரும் கருவண்டுக்கு அவ்வழி இல்லை. கார் எப்போது வரும் என்பதை ஊரார் அறிந்திருந்ததால்தான் மரம் மயங்கியது என்று தோழியால் சொல்ல முடிந்தது. பழைய தாள்கள் தொகுக்கப்படாமல் அழிந்தால், எது வம்பு, எது கார் என்று பிரித்தறியும் அளவுகோலும் அவற்றோடு போய்விடும்.